காத்தாயியின் எதிருரை

மன்னார்குடி முன்சீப் கோர்ட்டுக்கு வழக்கோடு வருகிறவர்களில் பாதிப் பேர் அழுதுகொண்டு வருவார்கள், மீதிப் பேர் கத்திக்கொண்டு வருவார்கள். காத்தாயி இரண்டும் இல்லாமல் வந்தாள். வக்கீல் தியாகராசனின் அறைக்குள் நுழைந்தவள் சுவரோரம் தரையில் உட்காரப்போகிறாள் என்று நான் நினைத்துக்கொண்டிருக்கும்போதே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். உட்கார்ந்த பிறகு, “இதுல உக்காரலாம்ல?” என்று கேட்டாள். எதையும் செய்து முடித்துவிட்டு அனுமதி கேட்பதுதான் அவள் சுபாவம் என்று எனக்குப் போகப்போகத் தெரிந்தது.

நான் மீரா சாகிப், அந்த வக்கீலின் குமாஸ்தா. கூத்தாநல்லூரில் என் வயசுக்காரர்கள் எல்லாம் மலேயாவுக்கும் சிங்கப்பூருக்கும் கப்பலேறியபோது நான் மட்டும் கோர்ட்டுப் படியேறினேன். என் வாப்பா கடைசிவரை அதைச் சொல்லிக் காட்டிக்கொண்டே இருந்தார். பிராதும் மனுவும் எழுதி எழுதி எத்தனையோ பொய்யை நல்ல தமிழில் கரையேற்றியிருக்கிறேன், அதில் எனக்கு வெட்கமும் கிடையாது. காத்தாயிக்காக எழுதிய எதிருரையில் மட்டும் ஒரு வரிகூடப் பொய் இல்லை. அந்த ஒன்றின் நகலை மட்டும் இன்றைக்கும் எடுத்து வாசிக்க மாட்டேன்.

அவள் ஊர் அரவத்தங்குடி. தார் ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி வரப்பு வழியே உள்ளே நடக்க வேண்டும். நடவுக்கு இறங்கினால் அந்தத் தெருவில் அவள்தான் முதல் ஆள். அவள் குனிந்து முதல் நாற்றை ஊன்றாமல் மற்றப் பெண்கள் குனிய மாட்டார்கள். வயலில் பாடச் சொன்னால் பாட மாட்டாள், “வேலைக்கு வந்தமா, கச்சேரிக்கு வந்தமா” என்பாள். பிள்ளை கிடையாது. புருஷன் முருகையன் சிறு வயசிலிருந்தே மிராசுதார் இராஜாங்கத்தின் பண்ணையாள். அவன் பேசி யாரும் அதிகம் கேட்டதில்லை. இரண்டு பேருக்கும் சேர்த்து அவள் பேசிவிடுவாள். அவன் செத்துப்போன பிறகும் பேசிக்கொண்டுதான் இருந்தாள், அதைப் பிறகு சொல்கிறேன்.

அப்போது குடியிருப்பு மனைச் சட்டம் வந்திருந்தது. பண்ணை நிலத்தில் குடிசை போட்டிருப்பவர்களுக்கு அந்த மனை சொந்தம் என்று சர்க்கார் சொல்லிவிட்டது. அதுவரை மிராசுதார் முகம் சுளித்தால் குடிசையைப் பிரித்துத் தலையில் வைத்துக்கொண்டு போக வேண்டியதுதான். இராஜாங்கம் அப்படியொன்றும் கொடூரமான மனிதர் இல்லை. கோயிலுக்கு எண்ணெய் கொடுப்பார், பள்ளிக்கூடத்துக்கு இடம் கொடுத்திருக்கிறார். கேட்காமலேயே கொடுப்பவருக்கு, கேட்காமல் எடுத்துக்கொண்டதைத் தாங்க முடியவில்லை. “வீடு நிக்கிற மண்ணைத்தானே சர்க்கார் குடுத்துச்சு, நடக்கிற மண்ணைக் குடுக்கலையே” என்று சொல்லி, அந்தத் தெருவிலிருந்து சுடுகாட்டுத் திடலுக்குப் போகும் பாதையில், தன் வயல் தொடங்கும் இடத்தில், கருவேல முள்ளை வெட்டிப் போட்டு வேலி அடைத்தார். திடலுக்குப் போக இன்னொரு வழி ஊர்த்தெரு வழியாக இருக்கிறது. ஆனால் அந்தத் தெருக்காரர்களின் பிணம் ஊர்த்தெரு வழியாகப் போனதே இல்லை. போக விடவும் மாட்டார்கள்.

கார்த்திகை அடைமழையில் முருகையன் இறந்தான். வழக்கப்படி பெண்கள் தெருமுனையோடு நின்றுகொண்டார்கள். ஆண்கள் பாடையைத் தூக்கிக்கொண்டு போனார்கள். வேலியருகே பறைச் சத்தம் நின்றுபோனதும், அங்கே தடி பிடித்த ஆட்கள் நின்றதும் பெண்களுக்குத் தெரிந்தது. மழைத் திரையில் அதற்கு மேல் ஒன்றும் தெரியவில்லை. பொழுது சாய்ந்து ஆண்கள் நனைந்து திரும்பி வந்தார்கள். தெருமுனையில் நின்ற காத்தாயி, “அடக்கம் ஆச்சா?” என்று கேட்டாள்.

“நல்லபடியா போய்ச் சேந்துட்டாரு பெரியம்மா” என்றான் செல்லதுரை. முருகையனின் தம்பி மகன் அவன், பிள்ளை இடத்தில் நின்று காரியம் செய்யும் உரிமைக்காரன்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்ல வேண்டும். சுடுகாட்டிலிருந்து திரும்புகிறவர்களிடம் அப்படித்தான் கேட்க வேண்டும், அவர்களும் அப்படித்தான் பதில் சொல்ல வேண்டும். அங்கே என்ன நடந்திருந்தாலும் சரி, குழிக்குள் தண்ணீர் ஊறியிருந்தாலும் சரி, அடிதடி நடந்திருந்தாலும் சரி, கெட்ட வார்த்தை ஒன்றைச் செத்தவர் வாசலுக்குக் கொண்டுவரக் கூடாது. போய்ச் சேரவில்லை என்று யாராவது சொல்லிவிட்டால் செத்தவருக்குப் போக வழி இல்லாமல் போய்விடும், சொன்னவர் பக்கத்திலேயே நின்றுவிடுவார் என்பது அந்தத் தெருவின் நம்பிக்கை. அதனால் மார்கழியில் தாசில்தார் வந்து, “பிணத்தைத் தடுத்தாங்களாமே?” என்று விசாரித்தபோதும் தெருவே ஒன்றுபோல, “நல்லபடியா போய்ச் சேந்துட்டாருங்க” என்றது. காத்தாயியும் அதையேதான் சொன்னாள். தாசில்தார் எழுதிக்கொண்டு ஜீப்பில் ஏறிப் போய்விட்டார். தங்களுக்கு எதிராகத் தாங்களே சாட்சி சொல்கிற இப்படி ஒரு தப்பை உலகத்தில் வேறு யார் செய்வார்கள்?

பொங்கல் கழிந்துதான் அவள் எங்களிடம் வந்தாள். பெஞ்சில் உட்கார்ந்து கேட்டது ஒன்றே ஒன்று. “அந்த வழி எனக்கு வேணுங்க. நாளைக்கு நான் போனா என்னை அவரு பக்கத்துல கொண்டுபோய்ப் போடணும். அவ்வளவுதான்.”

வக்கீல் தியாகராசன் பகுத்தறிவுக் கட்சிக்காரர். அறையில் சாமி படம் ஒன்றுகூடக் கிடையாது. தலைவர்கள் படம்தான் இருக்கும், அதற்கு மாலை மட்டும் தவறாமல் போடுவார். அவர் உடனே பிராது தயார் செய்தார். பாதையை வேலி போட்டு அடைத்திருக்கிறார்கள், அகற்ற வேண்டும், இனி தடுக்கக் கூடாது என்று கேட்டிருந்தோம். புருஷன் விஷயத்தைக் கேட்டபோது அவள், “அவரு நல்லபடியா போய்ச் சேந்துட்டாருங்க” என்று சொன்னதால் அதைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. பிராதில் எதிராளியைப் ‘பிரதிவாதி’ என்று எழுதுவோம் என்று நான் சொன்னதும் அவளுக்கு அந்தச் சொல் ரொம்பப் பிடித்துவிட்டது. அதுவரை ‘ஆண்டை’ என்று சொல்லி வந்தவள் அன்றிலிருந்து ஊரிலும் இராஜாங்கத்தைப் பிரதிவாதி என்றே சொல்ல ஆரம்பித்தாள். “பிரதிவாதி வீட்டு மாடு வயல்ல மேயுது” என்பாளாம்.

பங்குனியில் எதிர்த்தரப்பிலிருந்து மனு வந்தது. வழக்கை விசாரணைக்கே எடுக்காமல் ஆரம்பத்திலேயே பிராதைத் தள்ளிவிட வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். வாதிக்கு வழக்கு மூலமே இல்லை, அதாவது வழக்குப் போட ஒரு காரணமும் இன்னும் நடக்கவில்லை என்பதுதான் அவர்கள் வாதம். “வாதியின் கணவர் பிரேதம் நல்லபடியாகச் சுடுகாடு போய்ச் சேர்ந்ததென்று வாதியே தாசில்தார் முன்பு சொல்லியிருக்கிறார். அதன் பிறகு மேற்படி தெருவில் மரணம் எதுவும் நிகழவில்லை. நடக்காத தடையை நடந்ததாகக் கற்பனை செய்துகொண்டு வாதி கோர்ட்டின் நேரத்தை வீணாக்குகிறார்.” தஞ்சாவூர் சீனியர் வக்கீல் எழுதியது, மணியான எழுத்து.

“எதிருரை போடணும். இல்லைன்னா பிராது போச்சு” என்றார் தியாகராசன். “அன்னைக்கு என்ன நடந்துச்சுன்னு யாராவது ஒருத்தர் சத்தியம் பண்ணிச் சொல்லணும், பாய். தடுத்தாங்கன்னு சொல்லணும். நீங்க போய் அந்தப் பையனைப் பிடிங்க.”

எனக்கு மனுவில் வேறொரு வரிதான் உறுத்திக்கொண்டிருந்தது. “அதன் பிறகு மேற்படி தெருவில் மரணம் எதுவும் நிகழவில்லை.” மழைக்காலத்தில் காய்ச்சலிலும் பாம்பு கடியிலும் ஆள் சாகாத வருஷமே அந்தத் தெருவில் கிடையாது. காத்தாயியிடம் கேட்டேன்.

“ஆமாம் பாய், யாரும் போவல” என்றாள். “பொன்னுத்தாய்க் கெழவிக்கு பாலு ஊத்தி எத்தனையோ நாளாச்சு. சொந்தக்காரங்க வந்து அழுதுட்டு ஊருக்கே திரும்பிட்டாங்க. கண்ணைத் தொறந்துக்கிட்டுப் படுத்திருக்கு.”

அரவத்தங்குடிக்கு நான் போனது நல்ல உச்சி வெயிலில். ஆற்றில் தண்ணீர் நிறுத்தியாகிவிட்டது, வாய்க்காலெல்லாம் வறண்டு கிடந்தது. தாளடி அறுத்த வயலில் உளுந்தும் எடுத்து முடித்திருந்தார்கள். தெருவில் நாய்கூடக் குரைக்கவில்லை. செல்லதுரை விவசாயச் சங்கத்து ஆள், செங்கொடி பிடித்துக் கூலிக்குச் சண்டை போடுகிறவன். மேடையில் பேசினால் ஒலிபெருக்கி வேண்டாம். அவன் தன் குடிசை வாசலில் நின்றுகொண்டிருந்தான். நிற்பதில் ஏதோ கோணல் இருந்தது. உற்றுப் பார்த்தேன். வலது தோள் இடது தோளைவிட நன்றாகக் கீழே இறங்கியிருந்தது.

“அடிபட்டுச்சா தம்பி?” என்று கேட்டேன்.

“இல்லைங்க” என்றான்.

அன்று பாடை தூக்கிய மற்ற மூன்று பேரையும் பார்க்க வேண்டுமென்றேன். ஒருவன் மண்வெட்டிக்குப் பிடி போட்டுக்கொண்டிருந்தான், அவனுக்கும் வலது தோள். மற்ற இருவரும் களத்தில் உளுந்து அடித்துக்கொண்டிருந்தார்கள், அவர்களுக்கு இடது தோள். நான்கு பேரும் எதையோ சுமந்துகொண்டு நடப்பதைப் போல நடந்தார்கள். நான் கேட்ட எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான் வந்தது. “நல்லபடியா போய்ச் சேந்துட்டாருங்க.” எனக்குக் கோபம் தலைக்கேறியது. உங்களுக்காகத்தானே ஐயா வெயிலில் வந்து அலைகிறேன் என்று சத்தம் போட்டேன். அவரவர் வேலையைப் பார்க்கத் திரும்பிவிட்டார்கள்.

திரும்பும்போது காத்தாயி என்னைப் பொன்னுத்தாய் கிடந்த குடிசைக்குள் கூட்டிப்போனாள். கிழவி கயிற்றுக் கட்டிலில் கிடந்தாள். உடம்பில் உயிர் இருப்பதற்கான இடமே இல்லை. கண் மட்டும் திறந்திருந்தது. காத்தாயி குனிந்து, “என்ன ஆத்தா, கெளம்பலையா?” என்று வேடிக்கையாகக் கேட்டாள்.

“வழியில ஆளு நிக்கிதுடி” என்றாள் கிழவி. குரல் தெளிவாகத்தான் இருந்தது. “அது நவுந்தாத்தானே நான் போவ முடியும்.”

காத்தாயி சிரித்துக்கொண்டேதான் நிமிர்ந்தாள். வெளியே வந்து செல்லதுரையைப் பார்த்ததும் அந்தச் சிரிப்பு நின்றுபோனது. “வாடா” என்று சொல்லி வேலியை நோக்கி நடந்தாள். அவன் பின்னால் போனான். நானும் போனேன்.

வேலிக்கு அந்தப் பக்கம் இராஜாங்கத்தின் வயல், அதற்கப்பால் திடல். இந்தப் பக்கம் எங்கள் முதுகுக்குப் பின்னால், தெருவோரமாக வந்து திடலைச் சுற்றிப் போகும் வடிகாலாறு, மணலும் கோரையுமாக வறண்டு கிடந்தது. காத்தாயி வேலியோரம் ஒரு இடத்தில் நின்றாள். மண் தேய்ந்து வழவழப்பாக இருந்தது, தினமும் யாரோ வந்து நிற்கிற இடம் என்று பார்த்தாலே தெரிந்தது.

“பாய் நம்ம பாய்தான். சொல்லு” என்றாள்.

செல்லதுரை முள்ளையே பார்த்துக்கொண்டு சொன்னான். வேலியில் ஆட்கள் மறித்துக்கொண்டார்கள். தூக்கிய பாடையை வழியில் இறக்கக் கூடாது, வீட்டுக்குத் திருப்பவும் கூடாது. மழையில் தோளில் வைத்துக்கொண்டே நின்றார்கள். கெஞ்சிப் பார்த்தார்கள். பொழுது போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் வடிகாலாற்றில் இறங்கிச் சுற்றிக்கொண்டு திடலில் ஏறிவிடலாம் என்று முடிவு செய்தார்கள். ஆற்றில் கழுத்தளவு தண்ணீர். நடு ஆற்றில் ஒருவனுக்குக் கால் வழுக்கியது. பாடை சாய்ந்தது.

“இழுத்துட்டுப் போயிட்டுது பெரியம்மா. நாங்க நீந்திப் பாத்தோம். கை வேட்டியில பட்டுச்சு, புடிக்க முடியல. தண்ணி வடிஞ்ச பொறவு கடைமடை வரைக்கும் நடந்து தேடிட்டோம். ஒண்ணும் கெடைக்கல. அன்னைக்கு வெறுங்குழியத்தான் மூடிட்டு வந்தோம். வீட்ல சொல்றதில்லைன்னு அந்த மண்ணைத் தொட்டு சத்தியம் பண்ணிக்கிட்டோம்.” அவன் தன் வலது தோளைத் தடவினான். “ஆளு தண்ணியில போயிட்டாரு. பாரம் மட்டும் எறங்க மாட்டேங்குது.”

காத்தாயி அழவில்லை. அழுவாள் என்று எதிர்பார்த்து நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டிருந்தேன். அவள் குரல்தான் கேட்டது.

“தெனம் இங்க வந்து நின்னு, அந்தத் திடலைப் பாத்துப் பேசிக்கிட்டு இருந்தேனே. அங்கதான் படுத்திருக்காருன்னு.”

“பெரியம்மா...”

“பேசுனதுக்கெல்லாம் பதில் சொன்னாருடா. அதான் எனக்குப் புரியவே இல்ல. நான் திடலைப் பாத்துப் பேசுவேன். பதிலு முதுகுப் பக்கத்துலேர்ந்து வரும்.”

எங்கள் முதுகுப் பக்கம் வறண்ட ஆறு கிடந்தது. நாங்கள் மூன்று பேரும் திரும்பிப் பார்க்கவில்லை. மனசுக்குள் எனக்குத் தெரிந்த துஆவையெல்லாம் ஓதிக்கொண்டேன், அதில் பாதி சோற்றுக்கு முன்னால் ஓதுவது.

தியாகராசனுக்கு விஷயத்தைச் சொன்னதும் அவர் மேசையைத் தட்டினார். “இதைவிட வழக்கு மூலம் வேற என்ன வேணும்? தடுத்ததுனால பொணமே போச்சு! பேயாவது பூதமாவது, இது சம்பவம். எழுதுங்க.” தூக்கிய நான்கு பேரில் யாரும் கையெழுத்துப் போட வரவில்லை. குழி மண்ணில் செய்த சத்தியத்தைச் செல்லதுரை காத்தாயியிடம்தான் ஒரு தடவை மீறினான், கோர்ட்டில் யாரும் மீற மாட்டார்களாம். பிணத்தைத் தொலைத்ததற்குப் போலீஸ் பிடிக்குமோ என்ற பயமும் இருந்தது. கடவுளே இல்லை என்று மேடையில் பேசுகிற செல்லதுரைகூட, “வேற எதுக்கு வேணா ஜெயிலுக்குப் போறேன், இது வேணாங்க” என்று கையெடுத்துக் கும்பிட்டான்.

“நான் சொல்றேன்” என்றாள் காத்தாயி. “வாதி நான்தானே?”

“சொன்னவங்க பக்கத்துலயே நின்னுடுவாருன்னு உங்க தெருவுல சொல்றாங்களேம்மா” என்றேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை.

“நின்னா நிக்கட்டும், என் புருஷன்தானே. வேற யாரு பக்கத்துலயாச்சும் நின்னாத்தான் நான் சண்டைக்குப் போவணும்” என்று சொல்லி என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினாள். சிமிட்டிவிட்டு வாசல் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டாள்.

கோர்ட்டுத் தமிழில் எழுதினேன். “மேற்படி தேதியில் பிரதிவாதியின் ஆட்கள் மேற்படி பாதையில் வழிமறித்தபடியால், மேற்படி பிரேதம் வடிகாலாற்று வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டது. இதை நான் பின்னரே கேட்டறிந்து உண்மையென்று நம்புகிறேன். என் கணவர் மேற்படி சுடுகாட்டுக்குப் போய்ச் சேரவில்லை.” ரேகை வைக்கும் முன் வாசித்துக் காட்ட வேண்டும் என்பது விதி. வாசித்தேன். கடைசி வரியை அவள் தன் வாயால் ஒரு தடவை திருப்பிச் சொன்னாள்.

“எம் புருஷன் போய்ச் சேரல.”

தியாகராசன் சட்டென்று நாற்காலியை விட்டு எழுந்து வாசல் பக்கம் பார்த்து, “வாங்க, உள்ள வாங்க” என்றார். வாசலில் யாருமே இல்லை. “கட்சிக்காரர் யாரோ நிக்கிற மாதிரி இருந்துச்சு” என்று முணுமுணுத்துக்கொண்டே உட்கார்ந்தார். அப்படிச் சொன்னதே இல்லை என்று பிற்பாடு என்னிடம் சாதித்தார். சாதிக்கட்டும், அவர் கட்சி அப்படி.

சித்திரையில் மனு விசாரணைக்கு வந்தது. கோர்ட் ஹாலில் மின்விசிறி ஓடவில்லை, எல்லோரும் கையில் கிடைத்த காகிதத்தால் விசிறிக்கொண்டிருந்தார்கள். இராஜாங்கம் முன்வரிசையில் பட்டுக்கரை வேட்டியோடு உட்கார்ந்திருந்தார். காத்தாயி கடைசியில் சுவரோரம் நின்றாள். தஞ்சாவூர் சீனியர் எழுந்தார். தாசில்தாரிடம் ஒன்று, கோர்ட்டில் ஒன்று என்று வாதி மாற்றிப் பேசுவதை விலாவாரியாக எடுத்துச் சொன்னார். பிறகு எதிருரையைத் தூக்கிக் காட்டினார்.

“போய்ச் சேரவில்லை என்கிறார்கள், கனம் கோர்ட்டார் அவர்களே. பிரேதம் என்ன ரயிலைத் தவறவிட்டதா? போய்ச் சேரவில்லை என்றால் இப்போது எங்கே இருக்கிறாராம்?”

ஹாலில் சிரிப்பு எழுந்தது. முன்சீப்கூடப் புன்னகை செய்தார். கேள்வி அவளைக் கேட்டதல்ல, வக்கீல்கள் தங்களுக்குள் பேசிக்கொள்கிற அலங்காரம் அது. அவளுக்கு அந்த வித்தியாசமெல்லாம் தெரியாது. கேட்டவருக்குப் பதில் சொன்னாள்.

“அந்தா நிக்கிறாருங்களே. பிரதிவாதிக்குப் பின்னால.”

சிரிப்பு அப்படியே அடங்கியது. விசிறிக்கொண்டிருந்த காகிதமெல்லாம் நின்றது. கோர்ட்டுச் சேவகன்கூட ‘சத்தம் போடாதே’ என்று அதட்ட மறந்துவிட்டான். இராஜாங்கம் திரும்பவில்லை. நேரே சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகக் கையைக் கொண்டுபோய்ப் பின்கழுத்தைத் தொட்டார். கையை முகத்துக்கு முன்னால் கொண்டுவந்து பார்த்தார். சித்திரை வெயில், வியர்வையாகத்தான் இருந்திருக்கும். ஆனால் வியர்வையை யாரும் அவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருக்க மாட்டார்கள்.

முன்சீப் தொண்டையைச் செருமிக்கொண்டு, வாதியை அமைதியாக நிற்கும்படி சொன்னார். சாயங்காலம் உத்தரவு வாசித்தார். வழிமறித்தார்கள் என்று வாதி சத்தியப் பிரமாணமாகச் சொல்கிறார், அது உண்மையா என்பது சாட்சி விசாரணையில் தெரிய வேண்டிய விஷயம், ஆகவே வழக்கு மூலம் இல்லை என்று ஆரம்பத்திலேயே பிராதைத் தள்ள முடியாது, பிரதிவாதியின் மனு தள்ளுபடி. வாதி அந்தச் சம்பவத்தைப் பிராதிலும் சேர்த்துக்கொள்ளலாம் என்றார். தியாகராசன் என் முதுகில் ஓங்கித் தட்டினார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

அந்த வாரமே இராஜாங்கத்தின் காரியஸ்தர் எங்கள் அறைக்கு வந்தார். வழக்கமாகக் காலைத் தூக்கிக் காலில் போட்டுக்கொண்டு பேசும் மனிதர், அன்று பெஞ்சின் நுனியில் உட்கார்ந்தார். மிராசுதாருக்குத் தூக்கம் இல்லையாம், அவர் அறையில் இன்னொருவர் படுக்க வேண்டியிருக்கிறதாம். அவர் கொண்டுவந்த சமாதானம் இதுதான். ஆற்றில் போனவருக்கு வைக்கோலில் உருவம் செய்து, பாடையில் ஏற்றி, அந்தப் பாதை வழியாகவே பறையடித்துக் கொண்டுபோகலாம். அன்றைக்கு ஒரு நாள் வேலியை எடுத்துவிடுவார்கள், இராஜாங்கமே வந்து ஓரமாக நிற்பார். உருவத்தைக் குழியில் வைத்து முறையெல்லாம் செய்துகொள்ளலாம். அதற்குப் பதிலாகக் காத்தாயி வழக்கை வாபஸ் வாங்கிவிட வேண்டும். மறுநாள் வேலி திரும்பவும் வந்துவிடும்.

எனக்கு அது நல்ல சமாதானமாகத்தான் பட்டது. வேகுவேகென்று பஸ் ஏறிப் போய் அவளிடம் சொன்னேன். குடிசை வாசலில் கீற்றுப் பின்னிக்கொண்டிருந்தாள். செல்லதுரையும் பக்கத்தில் நின்றான். “ஒத்துக்க பெரியம்மா. உருவத்தை வச்சு அடக்கம் பண்ணிட்டா போதும், பெரியப்பா போய்ச் சேந்துடுவாரு” என்று அவனும் கெஞ்சினான்.

“கேஸ்ல ஜெயிச்சிட்டோம்னாங்களே?” என்று அவள் என்னைக் கேட்டாள்.

“கேஸே கூடாதுன்னு சொன்னாங்க இல்லையா, அதுல ஜெயிச்சிருக்கோம். கேஸ் இனிமேத்தான் நடக்கணும். சாட்சி, விசாரணை, அதுக்கப்புறம் அவங்க அப்பீலு போவாங்க. வருஷக்கணக்கு ஆகும்மா.”

“அதுவரைக்கும் நாமளா உருவம் செஞ்சு கொண்டுபோவலாமா? ஆத்து வழியா?”

“கூடாதுன்னு வக்கீலய்யா சொல்றாரு. வேற வழியாக் கொண்டுபோனா வேற வழி இருக்குன்னு ஆயிடும். போய்ச் சேந்தாச்சுன்னும் சொல்லிடுவாங்க. கேஸ் போயிடும்.”

அவள் கீற்றைக் கீழே வைத்தாள். “அப்ப கேஸ் முடியிற வரைக்கும் அவரு அப்படியே நிக்கணுமா பாய்? ஊரெல்லாம் காஞ்சு கெடக்கு, அவரு மட்டும் ஈரத்துணியோட நிக்கணுமா?”

எனக்குப் பொய் சொல்லத் தெரியும், அதுதான் என் தொழில். அன்றைக்கு வாய் வரவில்லை. “ஆமாம்மா” என்றேன்.

அவள் தெருவைப் பார்த்தாள். பொன்னுத்தாயின் குடிசையைப் பார்த்தாள். பிள்ளைகள் புழுதியில் விளையாடிக்கொண்டிருந்தார்கள், அவர்களையும் பார்த்தாள். பிறகு எழுந்து முந்தானையை உதறிச் செருகிக்கொண்டாள்.

“ஆயுசு பூரா அவங்க வாசல்ல கைகட்டி நின்ன ஆளுதான். அவங்க சொல்லி நின்னாரு. இனிமே எனக்காவ கொஞ்சம் நிக்கட்டும். வாபஸ் இல்லைன்னு பிரதிவாதிகிட்ட சொல்லிடுங்க.”

செல்லதுரை தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான். அவள் உள்ளே போய், மடித்து வைத்திருந்த முருகையனின் வேட்டி ஒன்றை எடுத்துக்கொண்டு வந்து, எங்களிடம் ஒன்றும் சொல்லாமல் வேலியை நோக்கி நடந்தாள். முள்ளில் கிழியாதபடி அதை வேலிமேல் பார்த்துப் பார்த்து விரித்துவிட்டு, “ஈரத்தை மாத்திக்கிங்க” என்று சொன்னது எனக்கு நன்றாகக் கேட்டது. பதில் கேட்கிறதா என்று அவள் தலையைச் சாய்த்தபோது நான் கிளம்பிவிட்டேன். தார் ரோடு வரும்வரை வரப்பில் திரும்பிப் பார்க்காமல் நடந்தேன். எனக்குப் பயமாக இருந்தது.